வேடந்தாங்கலும் அப்பாவும்

ஞாயித்துக்கிழமை அப்பாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வேடந்தாங்கல் போயிருந்தேன். வெயில் ஏறுறதுக்குள்ள ஏரிக்கரைக்கு போய்ட்டோம், தண்ணிக்குள்ள நிக்கிற மரம் பூரா கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஒரே இரைச்சல். என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன, தூரத்துல இருக்கிறத கிட்ட காட்டுற 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ்தான், பறக்கிறத எடுக்கணும்னா ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் தொறந்து மூடுற நேரம், 1/1600 செகண்டு இல்ல அதவிடக் கம்மியா வெக்கணும், அதுக்கு நல்ல வெளிச்சம் வேணும்.

நத்தைகுத்தியோட அலகு நடுவுல ஒரு சந்து இருக்கும், நத்தைய புடிக்க அது தோதா இருக்குமாம். பாப்பாதான் பைனாகுலர்ல பாத்துட்டு "குஞ்சுக்கு மட்டும் ஏம்பா சந்து இல்ல"ன்னு கேட்டா. வளர வளரத்தான் வரும்டா தங்கம்னு சொன்னேன், எவ்ளோ உன்னிப்பா பாத்திருக்கா பாருங்க!

வெயில் சுள்ளுன்னு அடிக்க ஆரம்பிச்சதும் ஒரு தாய்ப்பறவை ரெண்டு றெக்கையையும் விரிச்சு குஞ்சுங்களுக்கு நெழல் குடுத்துச்சு, அப்பா ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு "எங்கம்மா களத்துமேட்டுல இப்டித்தான்டா முந்தானைய புடிச்சிக்கிட்டு நிக்கும்"னாரு. ஆயாவப் பத்தி அவரு வாய் தொறந்து பேசி வருசமாச்சு.

பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி பயிருக்கு உரம்ங்கிறதால இந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா வேட்டைக்காரங்கள உள்ள விடாம பறவைங்கள காப்பாத்தியிருக்காங்க. 1798லயே கலெக்டர்கிட்ட அதுக்கு உத்தரவு வாங்கிட்டாங்கன்னா பாத்துக்கோங்க, கையெடுத்து கும்பிடணும்.

முதல் போட்டோ அந்த றெக்கை. ரெண்டாவது, அத பாத்துட்டு நிக்கிற அப்பா.