எந்தக் கோடு கரைக்கோடு?

செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்ததும், கடலும் நிலமும் பிரியும் இடத்தில் கோடு இழுக்கக் கை பரபரக்கும். அதற்கு முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்: எந்தக் கோடு? படம் எடுத்த நொடியில் நீர் நின்ற விளிம்பா, உயர் ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், விட்டுச்சென்ற ஈரமணல் எல்லையா, செடிகொடி தொடங்கும் வரம்பா? தட்டையான கடற்கரையில் இம்மூன்றுக்கும் இடையே பல பத்து மீட்டர் இருக்கும். 1990 படத்தில் ஒன்றையும் 2020 படத்தில் இன்னொன்றையும் பிடித்துவிட்டால், அசையாத கரைகூட அரித்துப்போனதாகத் தெரியும். கரைக்கோட்டு வரைபடத்தை ஆசிரியர் பயிற்சியோடு இணைக்கும் பல்கலைக்கழக ஆய்வுகளில், முதல் வாரம் கணினியைத் திறக்காமல் இந்தக் கேள்வியோடு மட்டும் இருப்பது வீண் அல்ல.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972-ல் தொடங்கினாலும், முதல் படங்களின் பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம் தரையில் அடைக்கும் இடம், மிகப் பெரியது. 1984-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5-ன் 30 மீட்டர் படங்களிலிருந்து ஆரம்பிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். லேண்ட்சாட் 7-ல் வரி திருத்தும் கருவி 2003 மே மாதம் பழுதானது. அதற்குப் பிந்தைய படங்களில் கோடு கோடாக வெற்றிடம் விழும். அதை அக்கம்பக்கத்து மதிப்புகளால் நிரப்பினால் இல்லாத கரை முளைக்கும். 2015-க்குப் பின் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தரும் 10 மீட்டர் படங்கள் பெரிய வரம்.

நீரைப் பிரிக்க, பச்சை அலைவரிசையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் குறியீடு 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அண்மை அகச்சிவப்புக்குப் பதில் குறுஅலை அகச்சிவப்பைப் போடும் திருத்தம் 2006-ல் வந்தது. கட்டடங்கள் நெருங்கிய கரைக்கு இந்தத் திருத்தம் மேல். ஆனால் சென்டினல்-2-ல் அந்த அலைவரிசை 20 மீட்டர் என்பதை மறந்து, முடிவை 10 மீட்டர் துல்லியம் என்று எழுதிவிடுகிறார்கள். நீரையும் நிலத்தையும் பிரிக்கும் வரம்பு மதிப்பு பூஜ்ஜியம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கவும் கூடாது. பிக்சல் மதிப்புகளை இரண்டு குழுவாகப் பிரிக்கும் ஓட்சு முறையில் அந்தந்தப் படத்துக்கே கணக்கிட வேண்டும். அதுவும் கரையை ஒட்டிய ஒரு பட்டையை மட்டும் வெட்டியெடுத்து. முழுப் படத்தையும் கொடுத்தால் ஆழ்கடலும் உள்நாட்டு வயல்களும் வரம்பைத் தங்கள் பக்கம் இழுத்துவிடும். அலைநுரை நிலமாகவும், மேகநிழல் நீராகவும் வேடமிடும். உப்பளமும் உப்பங்கழியும் தனித்தனி வளையங்களாக வந்து நிற்கும். அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதில் கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. படத்தில் பாதி நீர் என்பதால், இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எல்லாம் நிலப்பக்கமே குவியும். சராசரிப் பிழை அழகாகக் குறைகிறதே என்று, படத்தை வளைத்துப் பொருத்தும் உயர்படிச் சமன்பாட்டைத் தேர்ந்தால், புள்ளியே இல்லாத கடல் விளிம்பில் படம் வளைந்துவிடும். நமக்கு வேண்டியதோ அந்த விளிம்புதான். படத்தை வளைக்காத முதல்படிச் சமன்பாட்டோடு நின்று, அலைதடுப்புச் சுவரின் நுனி, படகுத்துறையின் மூலை போன்ற அசையாத இடங்களில் சரிபார்ப்பதே பத்திரம்.

ஆனால் அதிகம் ஏமாற்றுவது ஓதம். செயற்கைக்கோள் முற்பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடக்கும். ஓதம் அப்படி நேரம் பார்த்து வராது. 50-க்கு 1 சரிவுள்ள கரையில் நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால் விளிம்பு 25 மீட்டர் உள்ளே வரும். 10-க்கு 1 சரிவில் அதே அரை மீட்டருக்கு 5 மீட்டர்தான். ஆகவே சரிவு தெரியாமல் ஓதத்தைத் திருத்த முடியாது. படத்தின் விவரக்கோப்பில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதைக் கவனிக்காமல், உள்ளூர் நேரத்தில் அச்சான ஓத அட்டவணையோடு ஒப்பிடும் தவறும் சகஜம். பருவமும் அப்படித்தான். கொந்தளிப்பான மாதங்களில் மணல் கடலுக்குள் போய், அமைதியான மாதங்களில் திரும்பும். எனவே எல்லா ஆண்டுக்கும் ஒரே பருவத்துப் படங்களையே எடுக்க வேண்டும்.

இந்தச் சரிவை அளக்க, கடல் புவியியலாளர் எமரி 1961-ல் சொன்ன முறைக்கு இன்றும் நிகரில்லை. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அளவு குறித்த இரண்டு கோல்கள், இடையே அதே நீளத்துக்கு ஒரு கயிறு, எதிரே தொடுவானம். இவ்வளவே கருவி. நிலப்பக்கக் கோலுக்குப் பின் நின்று, கடற்பக்கக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் அமையும்படி கண்ணை வைத்து, அந்தக் கோடு நிலப்பக்கக் கோலை வெட்டும் இடத்தை உச்சியிலிருந்து கீழாகப் படித்தால் இறக்கம் கிடைக்கும். கடற்பக்கக் கோல் உயர்ந்து நின்றால், நிலப்பக்கக் கோலின் உச்சியிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, அளவைக் கடற்பக்கக் கோலில் படிக்க வேண்டும். ஈரமணலில் கோல் புதையும். அடியில் சிறு பலகை வேண்டும். இப்படிக் கோல்களைப் படிப்படியாக நகர்த்தி அளக்கையில், படிக்கு 1 சென்டிமீட்டர் ஒரே திசையில் பிசகினால் 20 படிகளில் 20 சென்டிமீட்டர். 50-க்கு 1 சரிவில் அது கிடைமட்டத்தில் 10 மீட்டர், சென்டினல்-2-ன் ஒரு முழு பிக்சல்.

பாடப்பொருளை அறிவது வேறு, அதை மாணவருக்குக் கற்பிக்கும் வகையில் அறிவது வேறு என்று கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-ல் பிரித்துக் காட்டினார். அந்த வேறுபாட்டைப் பயிற்சி ஆசிரியர்களிடம் பார்க்க இந்தக் கோல்களே போதும். மென்பொருளில் பொத்தான் வரிசையை மனப்பாடம் செய்தவர் வகுப்பிலும் பொத்தான் வரிசையையே சொல்லித்தருவார். கோல் புதைந்ததால் எண் மாறியதைக் கண்டவர், மாணவர் எங்கே சறுக்குவார் என்பதை முன்கூட்டியே எழுதித் தருகிறார். எனவே வரைபடத்தோடு, மாணவர் செய்யக்கூடிய மூன்று தவறுகளையும் அவை கரையை எந்தப் பக்கம் நகர்த்தும் என்பதையும் கேட்டு வாங்குவது நல்ல மதிப்பீடு. அழகான வரைபடத்துக்கு மட்டும் மதிப்பெண் போடும் வழக்கம் உண்மையில் தீங்கானது.

கரை ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்னும் மாற்ற வீதத்துக்கு, கரைக்கு இணையாக ஓர் அடிக்கோடு போட்டு, 50 அல்லது 100 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக்கோடுகள் இறக்கி, அவற்றின் வழியே கரை நகர்ந்த தூரத்தை அளப்பார்கள். வளைகுடாவில் இந்தக் குறுக்குக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அடிக்கோட்டின் வளைவுகளை மென்மையாக்க வேண்டும். முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறுவதால் அங்குள்ள கோடுகளைத் தனியே வைக்க வேண்டும். இடையில் தடுப்புச்சுவர் கட்டியிருந்தால், முன்பு, பின்பு என இரண்டாகக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கப் படிவும் மறுபக்க அரிப்பும் சராசரியில் மங்கிவிடும்.

பிழைக் கணக்கு இப்படி: 1990 படத்துக்குப் பிக்சல் 30, பொருத்தம் 10, ஓதம் 10 மீட்டர் என்று கொண்டால், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கச் சுமார் 33 மீட்டர். 2020 படத்துக்கு 10, 5, 10 என்றால் 15 மீட்டர். இரண்டையும் அதே வகையில் சேர்த்தால் சுமார் 36; முப்பது ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 1.2 மீட்டர் பிழை. அப்படியானால் ஆண்டுக்கு 0.8 மீட்டர் அரிப்பு என்று வந்த இடத்தைச் சிவப்பில் காட்ட நமக்கு உரிமையில்லை. அதற்குச் சாம்பல் நிறம்தான். கரையில் வீடு வைத்திருப்பவர் பார்க்கப்போகும் வரைபடம் அது.