காலி என்று யார் சொல்வது?

ஒரே அலைவரிசையில் ஒளிபரப்பும் இரண்டு தொலைக்காட்சிக் கோபுரங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க வேண்டுமானால், அவற்றுக்கிடையே நெடுந்தொலைவு இருந்தாக வேண்டும். அதனால் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தொலைக்காட்சிக்கென ஒதுக்கிய அலைக்கற்றையில் சில அலைவரிசைகள் பேச்சற்றுக் கிடக்கும். அமெரிக்காவில் ஓர் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 8. இந்த இடைவெளிகளுக்கு 'ஒயிட் ஸ்பேஸ்' என்று பெயர். கோபுரத்தின் பெருந்திறனோடு ஒப்பிட்டால் துளியளவு திறனில் இயங்கும் கருவிகள் யாருக்கும் தொல்லையின்றி இவற்றைப் பயன்படுத்தலாம் என்று, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2008 நவம்பரில் முடிவெடுத்தது. உரிமம் தேவையில்லை; ஆனால் அந்த அலைவரிசை அந்த இடத்தில் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். காலி என்று யார் சொல்வது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் அன்று முதல் இன்று வரை வந்த விதிகளும் தரநிலைகளும் சுழல்கின்றன என்பது, அவற்றைத் தொடர்ந்து வாசித்துவரும் எனக்குத் தோன்றுவது.

முதலில் வந்த பதில், கருவியே காது கொடுத்துக் கேட்கட்டும் என்பது. கேட்கத்தான் எளிது. 2008 விதிகள் நிர்ணயித்த வரம்பு மைனஸ் 114 டிபிஎம். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சைகையின் திறனைச் சொல்லும் அளவு; எண் பத்து குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும். அது எவ்வளவு மெல்லிய ஒலி என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை வெப்பநிலையில், 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் வெப்பத்தால் மட்டுமே எழும் இரைச்சல் ஏறத்தாழ மைனஸ் 106 டிபிஎம். கருவி தேடிப் பிடிக்க வேண்டிய சைகையோ அந்த இரைச்சலில் ஆறில் ஒரு பங்குதான். டிஜிட்டல் தொலைக்காட்சிப் பெட்டி படம் காட்டுவதற்குச் சுமார் மைனஸ் 84 டிபிஎம் வேண்டும். அப்படியானால், விலை மலிவாக இருக்க வேண்டிய இந்தக் கருவி தொலைக்காட்சிப் பெட்டியைவிட ஆயிரம் மடங்கு கூர்மையான செவி உடையதாக இருக்க வேண்டும். அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பில் ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல் நிற்கும் பைலட் சைகை ஒன்று உண்டு; குறுகிய அகலத்தில் அதை மட்டும் நீண்ட நேரம் உற்றுக் கேட்டால் அடையாளம் காணலாம். அதனால் இது நடக்கவே முடியாத காரியமன்று. ஆனாலும் 2007-இல் எஃப்சிசி ஆய்வகம் நடத்திய முதல் சோதனையில், முன்மாதிரிக் கருவிகள் நம்பத்தக்க வகையில் ஒளிபரப்பைக் கண்டறியவில்லை.

இவ்வளவு கடுமையான வரம்பு ஏன்? குறுக்கீட்டால் பாதிக்கப்படுவது கோபுரமன்று, எங்கோ ஒரு கூரையில் நிற்கும் ஆன்டெனா. அதுவோ வாய் திறவாமல் வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது. புதிய கருவி தடித்த சுவருக்குப் பின்னாலோ தாழ்ந்த நிலத்திலோ இருந்தால் அதற்குக் கோபுரத்தின் குரல் எட்டாது. காலி என்று நினைத்து அது பேசத் தொடங்கும். பக்கத்து வீட்டுக் கூரையில், உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்கு அதே கோபுரம் நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது அந்த வீட்டில் படம் உடைந்து நிற்கும். கருவி தனக்குக் கேட்காததையும் ஊகிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வரம்பை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். அப்படி இறக்கியதால் நெடுந்தொலைவிலுள்ள, பாதுகாப்புத் தேவையே இல்லாத ஒளிபரப்புகளும் காதில் விழுந்து, காலியான அலைவரிசைகள்கூட நிறைந்தவையாகத் தோன்றின.

2010-இல் எஃப்சிசி பொறுப்பைக் காதிலிருந்து ஏட்டுக்கு மாற்றியது. தன் இருப்பிடத்தை அறிந்து தரவுத்தளத்தைக் கேட்கும் கருவிக்கு, உற்றுக் கேட்கும் கடமை நீக்கப்பட்டது. கருவி தன் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆன்டெனாவின் உயரம் ஆகியவற்றை அனுப்ப, தரவுத்தளம் ஒவ்வொரு நிலையத்தின் ஒளிபரப்பு எல்லையையும் கணக்கிட்டு வைத்திருக்கும் கோடுகளோடு ஒப்பிட்டு, இங்கே இந்த அலைவரிசைகள் உனக்கு என்று பட்டியல் தரும். அன்றைய விதிப்படி உச்சத் திறன், நிலையான கருவிக்கு 4 வாட், கையில் எடுத்துச் செல்வதற்கு 100 மில்லிவாட். நாளுக்கு ஒருமுறையாவது மீண்டும் கேட்க வேண்டியிருந்தது. எடுத்துச் செல்லும் கருவி 100 மீட்டர் நகர்ந்தால் உடனே கேட்க வேண்டும். இந்த உரையாடலுக்கான மொழியை இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப், 2015-இல் ஆர்எஃப்சி 7545 என்ற ஆவணமாக வெளியிட்டது. பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2011-இல் வெளியிட்ட 802.22, அதற்குப் பின் வந்த 802.11ஏஎஃப் ஆகியவை கருவிகள் ஒன்றோடொன்று அலைவழியே பேசும் பகுதிக்கான தரநிலைகள். இரண்டும் நல்ல பொறியியல்தான், சந்தையில் பெரிதாக எடுபடவில்லை.

ஏட்டில் எழுதியது உண்மையாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். நிலையான கருவியின் இருப்பிடத்தை, அதைப் பொருத்தும் தொழில்வல்லுநர் தாமே பதிவுசெய்யலாம் என்று விதி இடம் கொடுத்திருந்தது. தரவுத்தளத்தில் போலிப் பெயர்களும் பிழையான இருப்பிடங்களும் மலிந்து கிடக்கின்றன என்று 2015-இல் ஒளிபரப்பாளர்கள் எஃப்சிசியிடம் முறையிட்டார்கள். ஒளிபரப்பாளர்கள் தொடக்கம் முதலே இந்தப் பகிர்வை எதிர்த்தவர்கள்தான். ஆயினும் இந்த முறையீடு நியாயமானது என்றே கருதுகிறேன். மைனஸ் 114 டிபிஎம் என்று பல ஆண்டுகள் வாதாடியவர்கள், ஒருவர் தட்டச்சு செய்யும் எண்ணை யார் சரிபார்ப்பது என்று கேட்க மறந்திருந்தார்கள். 2019-இல்தான் நிலையான கருவிகளும் ஜிபிஎஸ் போன்ற வசதியால் தம் இடத்தைத் தாமே அறிய வேண்டும் என்ற விதி வந்தது.

பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2015 இறுதியில் நடைமுறைப்படுத்திய விதிகள் எனக்கு இன்னும் பிடித்தவை. அந்த விதிகளின்படி தரவுத்தளம் 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் சொல்வதில்லை. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு திறன் வரை போகலாம் என்று சொல்கிறது. ஐரோப்பியத் தரநிலை, கருவிகளைப் பக்கத்து அலைவரிசைக்குள் எவ்வளவு கசிகின்றன என்பதைப் பொறுத்து ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. கசிவு குறைந்த கருவிக்குக் கூடுதல் திறன் கிடைக்கும். நன்றாகச் செய்தவனுக்கு அதற்கான பலன் விதியிலேயே இருக்கிறது.

ஏட்டில் எழுதவே முடியாத ஒருவர் இருந்தால் என்ன செய்வது? 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் பகிர்வதற்காக எஃப்சிசி 2015-இல் வகுத்த சிபிஆர்எஸ் (சிட்டிசன்ஸ் பிராட்பேண்ட் ரேடியோ சர்வீஸ்) ஏற்பாட்டில் இந்தச் சிக்கல் எழுந்தது. அங்கே முதல் உரிமை அமெரிக்கக் கடற்படையின் ரேடாருக்கு, அடுத்த நிலை ஏலத்தில் முன்னுரிமை வாங்கியவர்களுக்கு, மிச்சம் எல்லோருக்கும். ஆனால் போர்க்கப்பல் எங்கே இருக்கிறது என்பதை எந்தத் தரவுத்தளத்திலும் எழுதிவைக்க முடியாது. ஆகவே கைவிட்ட காது திரும்பி வந்தது, கருவிக்குள் அன்று, கடற்கரையோரமாக நிறுவிய உணரிகளில். ரேடார் ஒலி கேட்டதும் அவை ஒருங்கிணைப்பு மென்பொருளுக்குத் தெரிவிக்க, அது 300 நொடிகளுக்குள் அந்தப் பகுதிக் கருவிகளை வேறு அலைவரிசைக்கு நகர்த்தவோ நிறுத்தவோ வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: உணரிகளுக்கு நன்றாகக் கேட்க வேண்டுமே என்று, அவற்றைச் சுற்றியுள்ள கருவிகள் கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொள்ள நேர்ந்தது. பகிர்வைச் சாத்தியமாக்கும் காதே, பகிரக் கிடைத்ததில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

2020 ஏப்ரலில் எஃப்சிசி வைஃபைக்காக 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தபோது, இந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேராகத் தகவல் கடத்தும் நுண்ணலை இணைப்புகள் இயங்குகின்றன. வழக்கமான திறனில் வெளியில் இயங்கும் வைஃபை அணுகுப்புள்ளிகள் (ரூட்டர் போன்றவை) தரவுத்தளத்தைக் கேட்டாக வேண்டும். குறைந்த திறனில் வீட்டுக்குள் இயங்குபவை யாரையும் கேட்க வேண்டியதில்லை, சுவர்களே காவல். ஆனால் கருவி உண்மையில் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? மழை வெயில் தாங்கும் உறை இருக்கக் கூடாது, மின்கலத்தில் ஓடக் கூடாது, கழற்றி மாட்டும் ஆன்டெனா கூடாது என்று விதித்தார்கள். இருப்பிடத்தைச் சொல்ல ஜிபிஎஸ்ஸும் இல்லை, ஏடும் இல்லை; சுவரில் செருகிய மின்கம்பி எட்டும் தூரம் வரைதான் கருவி போகும்.