பக்கோடாவுக்குத் தண்ணீர் வேண்டாம்

நேற்று மூன்று மணிக்கே நங்கநல்லூரில் வானம் இருட்டிவிட்டது. மொட்டை மாடித் துணியை அள்ளிக்கொண்டு வந்த கையோடு வெங்காயக் கூடையைத்தான் எடுத்தேன், ஐப்பசி மழைக்கு வீட்டில் பக்கோடா போடாவிட்டால் மழை பெய்த மாதிரியே இருக்காது எனக்கு.

பக்கத்து வீட்டு அக்கா, தன் பக்கோடா ஆறினதுமே நமத்துப் போகிறது, எண்ணெய் வேறு குடிக்கிறது என்று ரொம்ப நாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் அவர் மாவு கலப்பதை நின்று பார்த்தேன். கடலைமாவில் தண்ணீர் ஊற்றி பஜ்ஜிக்குக் கரைப்பது போலக் கரைத்து, அதில் வெங்காயத்தைப் போட்டார். பஜ்ஜிக்கு அது சரி, வாழைக்காயை மாவு முழுசாகப் போர்த்த வேண்டும். தூள் பக்கோடாவுக்கு வெங்காயத்தின் மேல் மாவு லேசாக ஒட்டினால் போதும், அதற்கு வேண்டிய ஈரம் வெங்காயத்துக்குள்ளேயே இருக்கிறது.

பெரிய வெங்காயம் மூன்று, நீளவாக்கில் மெலிதாக நறுக்கி, உப்புப் போட்டு, இதழ் இதழாகப் பிரியும்படி நன்றாகப் பிசறி பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். விறைப்பாக இருந்தது துவண்டு பளபளக்கும், பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் நீர் ஓடும். அதைக் கொட்டிவிடாதீர்கள், மாவு பிசைய அதுதான் தண்ணீர். அப்புறம் தோலோடு நசுக்கிய பூண்டு நாலு பல், இஞ்சி, பச்சைமிளகாய், சோம்பு, கை நிறைய கறிவேப்பிலை. ஒரு கப் கடலைமாவு, கால் கப் அரிசிமாவு, இரண்டையும் கலந்து தூவித் தூவிப் பிசறுங்கள். அரிசிமாவை விட்டுவிட வேண்டாம், கடலைமாவு மட்டும் போட்டால் மொறுமொறுப்பு நிற்காது. காய்ந்த எண்ணெய் இரண்டு ஸ்பூன் மாவில் விடுங்கள். பிடித்தால் சேர வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அந்தப் பதம். ரொம்ப வறண்டிருந்தால் கையை நனைத்துத் தெளித்தால் போதும். சோடா மாவு நான் போடுவதே இல்லை, எண்ணெய்தான் ஏறும்.

முட்டைகோஸுக்கும் இதே கணக்குதான், அதுவும் உப்புக்கு நன்றாக நீர் விடும். முருங்கைக்கீரையில் நீர் கம்மி, அதனால் பாதிக்குப் பாதி வெங்காயம் சேர்க்கிறேன். கீரையைக் கழுவினால் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திவிடுங்கள்.

எண்ணெயில் ஒரு துணுக்கு மாவைப் போட்டால் உடனே மேலே வர வேண்டும். அப்புறம் தீ மிதமாக. சட்டி நிறையப் போடாதீர்கள், எண்ணெய் சூடு இறங்கி பக்கோடா ஊறிக்கொண்டு கிடக்கும். எப்போது எடுப்பது என்று நான் காதால்தான் கண்டுபிடிப்பேன்: போட்டதும் சடசடவென்று நுரைத்துப் பொங்குகிற சத்தம், உள்ளே இருக்கிற நீர் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். சத்தம் அடங்கி, கரண்டியால் தட்டினால் கலகலவென்று கேட்கிறதா, எடுத்துவிடலாம். நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால் உள்ளே ஈரம் இருக்கும், அதுதான் பிறகு நமத்துப் போகிறது.

சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரம் போதாதென்று அந்த ஆவியும் சேர்ந்தால் அரை மணியில் துவண்டுவிடும்.

இன்றைக்கும் மழை. சாயங்காலம் அக்கா கிண்ணத்தில் பக்கோடா கொண்டுவந்தார். எட்டு மணிக்கு எடுத்துக் கடித்தேன், கறிவேப்பிலைகூட மொறுமொறுவென்றுதான் இருந்தது.