போலீஸ்காரர் அடித்த கோல்

ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய, ஏழு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டரில் ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது: லிங்கன் ரெட் இம்ப்ஸ். 1976இல் தொடங்கியது. 2003 முதல் 2016 வரை தொடர்ந்து 14 முறை உள்ளூர் சாம்பியன். ஊரே முப்பத்துச் சொச்சம் ஆயிரம் பேர்தானே, இதென்ன பெருமை என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு 2016 ஜூலை 12 வந்தது. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. விமான ஓடுபாதையை ஒட்டிய விக்டோரியா மைதானம். எதிரே செல்டிக், 1967இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற ஸ்காட்லாந்து அணி. 48ஆவது நிமிடத்தில் லிங்கனின் லீ கசியாரோ கோல் அடித்தார். அவருக்குப் பிழைப்பு போலீஸ் வேலை! முடிவு 1-0.

முந்தைய ஆண்டு, நட்பு ஆட்டங்களைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், ஜிப்ரால்டர் தேசிய அணியின் முதல் கோலை அடித்தவரும் இவரே; அதுவும் ஸ்காட்லாந்துக்கு எதிராகத்தான். பாவம், அந்த நாட்டுக்காரர்கள் அவருக்கு என்ன கெடுதல் செய்தார்களோ!

அந்த 1-0க்கு மறுவாரம், தன் ஊரான கிளாஸ்கோவில் 3-0 என்று செல்டிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.