தடைக்காலத்துக்கு ஒரு உப்பு ஷேக்

சாக்லேட், வனிலா, மாம்பழம், குல்ஃபி. புரோட்டீன் பவுடர் விற்கிறவர்களுக்கு இனிப்பைத் தவிர வேறு ருசியே தெரியாது போலிருக்கிறது. எனக்கு டீயிலேயே சர்க்கரை ஆகாது. அந்த டப்பாக்களில் பெரும்பாலும் சுக்ரலோஸ் என்கிற செயற்கை இனிப்பைத்தான் போடுகிறார்கள், குடித்து முடித்து வெகுநேரம் ஆனாலும் நாக்கில் ஒரு தித்திப்பு ஒட்டிக்கொண்டே கிடக்கும், அதற்குமேல் இட்லி சட்னிகூட இறங்காது.

"தங்கச்சிமடத்துல இருந்துக்கிட்டு உனக்கு எதுக்குடா பவுடரு, மீன் இல்லையா" என்று மச்சான் கேட்கிறான். நியாயம்தான், ராமேஸ்வரம் தீவில் மீன்பிடிக்கிற ஊர் எங்களுடையது. 100 கிராம் மீனில் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிற அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். மதியம் மீன் குழம்பு, ராத்திரி ரெண்டு முட்டை, நடுவில் பருப்பு, தயிர் என்று போனால் பவுடர் பக்கமே போகவேண்டாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். அந்த வெயிலில் அடுப்பு முன்னால் நிற்கவும் யாருக்கும் மனசு வராது. எங்கள் வீட்டுக்குள் டப்பா நுழைந்தது இப்படித்தான்.

ஷேக் என்றால் பாலும் வாழைப்பழமும் என்று யார் சொன்னது? மோர், ரசம், நீராகாரம், கீழக்கரைப் பக்கம் நோன்புக் கஞ்சி என்று நாம் குடிக்கிறதில் பாதி உப்புப் போட்டதுதான். பவுடரை அதில் கரைத்தால் வேலை முடிந்தது. டப்பாவில் 'அன்ஃப்ளேவர்ட்', அதாவது ருசி எதுவும் சேர்க்காதது, என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பின்பக்கம் திருப்பி இனிப்பு எதுவும் சேர்க்கவில்லையே என்றும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். பாலில் இருந்து எடுக்கிற 'வே' (whey) பவுடர், 80 சதவீதம் என்றால் 30 கிராமில் 24 கிராம் புரதம்.

என் முதல் ஓட்டு மோருக்கு. கொஞ்சம் இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம் எல்லாவற்றையும் தயிரோடு மிக்சியில் அடித்துத் தண்ணீர் விட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். பவுடரை அதற்கு அப்புறம்தான் போடவேண்டும், மத்தால் மெதுவாகக் கடைந்தால் போதும். மிக்சியில் பவுடரைப் போட்டு ஓட்டினால் டம்ளர் முழுக்க நுரைதான் நிற்கும். வேயில் ஒரு பழைய பால் வாடை உண்டு, இஞ்சியும் பெருங்காயமும் அதை அமுக்கிவிடும். உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். எங்கள் பக்கம் பல தெருக்களில் குழாய்த் தண்ணீரே கரிக்கும், குடிக்க என்று தனியாகக் குடத்தில் வாங்குகிறோம், அதனால் உப்பு விஷயத்தில் எங்கள் நாக்கை நம்பி அளவு சொல்லமாட்டேன்.

சூடாக வேண்டும் என்றால் மிளகு ரசம். இங்கேதான் பலபேர் கோபப்பட்டு டப்பாவை மூலையில் வைப்பது. கொதிக்கிற ரசத்தில் வே பவுடரைக் கொட்டினால், முட்டை வெள்ளை வெந்நீரில் விழுந்ததுபோல வெளியே வெந்து இறுகி, உள்ளே காய்ந்த மாவாக உருண்டை கட்டிக்கொள்ளும். சத்து ஒன்றும் போய்விடாது, குடிக்கத்தான் முடியாது. பச்சைத் தண்ணீரில் பவுடரைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, ரசத்தை இறக்கி, வாய் பொறுக்கிற சூட்டுக்கு வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டாணிப் புரதம் வாங்கலாம். அதன் மண் வாசனை மோரில் சகிக்காது, மிளகு, பூண்டு ரசத்தில் இருக்கிற இடமே தெரியாது.

பவுடருக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பொட்டுக்கடலை மாவு இருக்கவே இருக்கிறது, 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். பீகார் பக்கம் வறுத்த கடலை மாவை 'சத்து' (sattu) என்று பெயர் சொல்லி, தண்ணீர், உப்பு, எலுமிச்சை, வெங்காயம், சீரகம் போட்டுக் குடிக்கிறார்கள். வெயிலுக்கு அது அருமையான சரக்கு. வே அளவுக்குப் புரதம் வராது, வயிறு மட்டும் திம்மென்று இருக்கும்.

அப்புறம் என் சொந்தச் சரக்கு. நெத்திலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி, காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, நம்மூர் முண்டு மிளகாய் ரெண்டோடு பொடித்து வைத்துக்கொள்வேன். நீராகாரத்தில் பொட்டுக்கடலை மாவைக் கரைத்து, இந்தப் பொடியில் ஒரு கரண்டி, நறுக்கின சின்ன வெங்காயம். இதில் வே போடுவதில்லை, கருவாட்டோடு பால் தயிர் சேர்த்தால் அம்மா வீட்டைவிட்டே விரட்டிவிடுவார்கள். இதற்கு உப்பும் தனியாக வேண்டாம். நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், கருவாடு அதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். பிரஷர் இருக்கிறவர்கள் மோரோடு நிறுத்திக்கொள்ளலாம். கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் எந்தப் பவுடராக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

இன்னொன்று, கருவாட்டுக் கஞ்சியை ஷேக்கர் பாட்டிலில் ஊற்றி ஜிம்முக்குக் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் மூடி ரப்பரில் இருந்து அந்த வாடை போகாது, பக்கத்தில் பெஞ்ச் போடுகிறவனும் சும்மா இருக்கமாட்டான்.