விரல் நுனியில் பழுப்புக் கறை

இரவெல்லாம் கொட்டிய மழை விடிந்த பிறகுதான் ஓய்ந்தது. அக்கா மகனும் நானும் சிங்கப்பூரின் பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, புக்கித் தீமா குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஹிண்ட்ஹீட் பூங்காவுக்கு நடந்தோம். பழைய கல்குவாரிக் குளத்துக்குப் போகும் வழியில், பாதையோரக் கட்டையில் கையூன்றி உட்கார்ந்தேன். ‘பட்’டென்று ஒரு சத்தம். சுட்டுவிரலில் சுருக்கென்று சூடு.

“மாமா, புகை!” என்று கத்தினான் அவன்.

கட்டையின் இடுக்கிலிருந்து புளியங்கொட்டையைவிடச் சற்றே நீண்ட வண்டு ஒன்று ஓடிவந்தது. மஞ்சள் தலை, மஞ்சள் கால்கள். கறுப்பு முதுகில் இருபுறமும் மஞ்சள் திட்டு. முதுகின் மேல் ஓடு வயிற்றை முழுவதும் மூடாமல், கத்தரியால் வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது. வெளியே தெரிந்த அந்த வால் நுனிதான் அதன் பீரங்கி. வேண்டிய பக்கம் திருப்பிச் சுடும்.

பொம்பார்டியர் வண்டு! படத்தில் மட்டுமே பார்த்திருந்ததை நேரில் கண்டதும் வலி மறந்துபோயிற்று.

அதன் வயிற்றில் ஒரு பைக்குள் ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சண்டையில்லாமல் கலந்து கிடக்கின்றன. ஆபத்து வந்ததும் பக்கத்திலுள்ள தடித்த சுவருடைய அறைக்குள் அந்தக் கரைசலைப் பீய்ச்சுகிறது. அங்கே காத்திருக்கும், வேதிவினையைத் தூண்டும் நொதிகள் பட்டவுடன் அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை கொதித்து வெடிக்கிறது. அந்த வினையில் உருவாகி வெளியே தெறிக்கும் பென்சோகுவினோன்தான் தோலைப் பழுப்பாக்குவது. ஜப்பானில் 2018-இல் வெளியான ஆய்வொன்றில், இதன் உறவுக்கார வண்டுகளை விழுங்கிய தேரைகளில் பல, 12 முதல் 107 நிமிடங்களுக்குள் அவற்றை உயிரோடு கக்கிவிட்டன. என் விரலே அப்படி எரிந்தது என்றால் தேரையின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

“பெயர் என்ன மாமா?”

ஃபெரோப்சோஃபஸ் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) என்று நிறமும் வெட்டுப்பட்ட முதுகு ஓடும் சொல்லிவிட்டன. இனத்தின் பெயரைச் சொல்ல, வண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து உடலுறுப்புகளை ஆராய வேண்டும். 1854-இல் இதே புக்கித் தீமாவில் ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 700 வண்டு இனங்களைச் சேகரித்தார். இன்று இங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துப்போகக் கூடாது, அதுவே சரி. படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் எழுத எனக்கு மனம் வரவில்லை. குறிப்பேட்டில் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அவன் என் விரலைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தான். கறை போகவில்லை.