மழைக்காலத்து விளைப் பாதைக்கு ஒரு ஏ.டபிள்யூ.டி. கார்: பழைய வண்டி பார்த்து வாங்கும்போது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று தார் ரோட்டிலேயே வேலைக்குப் போய் வருகிறவருக்கு ஏ.டபிள்யூ.டி., அதாவது நான்கு சக்கரமும் உந்துகிற வண்டி, தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு மேற்கொண்டு படிக்கிற வேலை மிச்சம். டாரஸ் லாரிகள் ரோட்டை எவ்வளவு குதறிப் போட்டிருந்தாலும் அங்கே வேண்டியது நல்ல டயரும் கொஞ்சம் உயரமான வண்டியும்தான். தேவை வருவது கடைசி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரில். பத்துகாணிப் பக்கம், கீரிப்பாறைப் பக்கம், பேச்சிப்பாறைக்கு மேலே என்று ரப்பர் விளைகளுக்குள், அதாவது தோட்டங்களுக்குள், ஏறுகிற செம்மண் பாதைகள் இருக்கின்றனவே, அங்கேதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்கு. ஆக வருஷத்தில் பாதி நாள் அந்த மண் காய்வதே இல்லை.

இன்னொரு இடமும் உண்டு. மர நிழலில் கிடக்கிற கான்கிரீட் பாதை. அடைமழை பிடித்த பத்தாம் நாள் அதில் பச்சைப் பாசி படரும். செம்மண்ணைவிட அது மோசம். ஏறும்போது நான்கு சக்கரமும் சேர்ந்து உந்துவதால் ஏ.டபிள்யூ.டி. வண்டி ஏறிவிடும். அதே பாதையில் இறங்கும்போது அந்த உதவி கிடையாது. எல்லாக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. பிடிக்க வேண்டியது டயர். ஏ.டபிள்யூ.டி. வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் தேய்ந்த டயரோடு ஓட்டுகிறவர் ஏறியது போலவே இறங்கவும் முடியும் என்று நம்பிப் பாதையோரக் கையாலையில் (வேலிச் சுவரில்) கொண்டுபோய் நிறுத்துவார்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் ‘ஃபோர் பை ஃபோர்’ என்பார்கள். ஜிம்னி, தார் வகை வண்டிகளில் லிவரைப் போட்டால் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும். மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் லோ கியரும் உண்டு. அந்தப் பூட்டைக் காய்ந்த தாரில் போட்டு வளைவுகளில் ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும், சாமான் கெடும். டஸ்டர், கிராண்ட் விட்டாரா வகையில் சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்கும்போது பின் அச்சோடு சேர்ந்த கப்ளிங் (கிளட்ச் மாதிரியான இணைப்பு) தானாகப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். தினமும் நாற்பது கிலோமீட்டர் தார், இரண்டு கிலோமீட்டர் சேறு என்று ஓடுகிறவருக்கு இந்த இரண்டாவது வகைதான் சரிப்படும். ஓட்டுநர் மறந்தாலும் வண்டி பார்த்துக்கொள்ளும்.

பழைய வண்டிச் சந்தையில் கைக்கு எட்டுவது ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. 2014இல் வந்தது, 2020இல் பிஎஸ் 6 புகை விதி வந்ததோடு டீசல் என்ஜினும் ஏ.டபிள்யூ.டி.யும் நின்றுபோயின. 1,461 சிசி டீசல், 110 குதிரைத்திறன், ஆறு கியர், தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். இதன் முதல் கியர் மிகச் சிறியது; ஆயிரம் ஆர்பிஎம்முக்கு மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூட வராது. லோ கியர் இல்லாத குறையைப் பாதியாவது தீர்ப்பது இதுதான். தாரில் இரண்டாவதில் கிளம்பலாம். விளைக்குள் முதல் கியரில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஏறலாம், இறங்கலாம். பின்னால் டிக்கி 410 லிட்டர். முன் சக்கர டஸ்டரில் 475.

2022இல் வந்த கிராண்ட் விட்டாராவின் ஏ.டபிள்யூ.டி. வகையான ஆல்கிரிப், அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடர் ஏ.டபிள்யூ.டி. இரண்டும் பெட்ரோல், விலை ஒரு படி மேலே. ஹைப்ரிட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மின்மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஏ.டபிள்யூ.டி. இல்லை. விட்டாராவின் திருகியில் ‘ஸ்னோ’ என்று ஒன்று இருக்கும். கன்னியாகுமரியில் பனிக்கு எங்கே போவது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் என்ஜின் சக்தியை மெதுவாக விடுகிற அந்த அமைப்பு, பாசிக் கான்கிரீட்டுக்கும் ரப்பர் இலை நனைந்து ஒட்டிக் கிடக்கிற தாருக்கும் நன்றாகவே பொருந்தும். 2023இல் வந்த ஜிம்னிக்குத் தனிச் சாதகம் அகலம்: 1,645 மி.மீ. டஸ்டர் 1,822. இரண்டு பக்கமும் கையாலை கட்டிய ஒற்றை வழியில் இந்த ஏழு அங்குலம் பெரிய விஷயம். நான்கு பேருக்கு மேல் இடமில்லை, டிக்கியும் பேருக்குத்தான். வீட்டுக்கு ஒரே கார் என்றால் எங்கள் ஓட்டு டஸ்டருக்கு.

டஸ்டர் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், டயர் ஆழம் அளக்கிற கேஜ், ஒரு பழைய பாய் மூன்றும் போதும். பாய், படுத்துப் பார்க்க. முதலில் அது உண்மையிலேயே ஏ.டபிள்யூ.டி.தானா என்று பார்க்க வேண்டும். பின் கதவு எழுத்தை யாரும் ஒட்டலாம். கீழே படுத்தால் முன்னிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தெரிய வேண்டும். உள்ளே டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை காட்டும் திருகி இருக்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றுவதைக் காட்டி ‘பாருங்க, வேலை செய்யுது’ என்று ஒருவர் சொன்னார். அது எப்போதும் சுற்றும். கப்ளிங் இருப்பது அதன் பின் முனையில், டிஃபரன்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) முன்னால். அது பிடிக்கிறதா என்பதே கேள்வி.

அதைச் சோதிக்க இளகிய சரள் கிடக்கிற சமதளம் வேண்டும். டூ வீலில் வைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஒரு வட்டம். வண்டி தாராளமாகச் சுற்றும். இப்போது லாக்கில் போட்டு அதே வட்டம். யாரோ பின்னால் லேசாகப் பிடித்து இழுப்பது போல ஒரு தயக்கம் தெரிய வேண்டும், டயர் சரளைத் தேய்க்கிற சத்தம் கேட்க வேண்டும். இரண்டு வட்டமும் ஒரே மாதிரி இருந்தால் கப்ளிங் பிடிக்கவில்லை. தாரில் இதைச் செய்யக் கூடாது. அடுத்து நனைந்த ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்கலாம். ஒருவர் பக்கவாட்டில் எட்ட நின்று பின் சக்கரத்தைக் கவனிக்கட்டும், வண்டிக்குப் பின்னால் நிற்கவே வேண்டாம். லாக் 60 கி.மீ. வேகம் வரைதான், அதற்கு மேல் தானாக ஆட்டோவுக்குப் போகும். அதைக் கோளாறு என்று சொல்லி விலை குறைக்கப் பார்த்தால் விற்கிறவர் சிரிப்பார்.

கப்ளிங் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் டயர். முன்னால் புதிது இரண்டு, பின்னால் பழையது இரண்டு என்று போட்டால் சுற்றளவு மாறும். நேர்ரோட்டில்கூட முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். அதனால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வார்ப்பு, 215/65 ஆர் 16, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம். வேறு மாதிரி இருந்தால் நான்கு டயர் விலையைக் கழித்துப் பேச வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். நம் மழைக்கு 3 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. அதற்குக் கீழே சேறும் தண்ணீரும் வெளியேற வழியில்லை.

பின் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வொர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி, எண்ணெய் நிரப்புகிற திருகைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டால் நுனி நனைய வேண்டும். தேன் நிறம், கறுப்பு எதுவானாலும் சரி. பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். விரலில் வெள்ளித் தூள் மினுங்கினால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. அந்த வண்டியை அப்படியே விட்டுவிடலாம். என்ஜினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் மாற்றிய பில் கேட்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். கிளட்சுக்கு, மூன்றாவது கியரில் 30இல் போகும்போது ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு போய்விட்டது.

வெள்ளத்தில் கிடந்த வண்டி தனிக் கவலை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மூழ்கிய கார்கள் பல கை மாறிவிட்டன. 2021 நவம்பரில் நம் மாவட்டத்திலும் தண்ணீர் குறையில்லாமல் வந்தது. சீட், கார்ப்பெட் எல்லாம் கழுவிவிடுவார்கள். சீட் பெல்ட்டை மட்டும் யாரும் முழுக்க இழுத்துக் கழுவுவதில்லை. கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் கிடந்த அந்தக் கடைசி முழத்தில் மண் கோடு நேராகத் தெரியும். சீட் அடியில் போல்ட் துரு, கார்ப்பெட்டின் கீழே பஞ்சில் ஈரம், ஃப்யூஸ் பெட்டியில் பச்சை பிடித்த பித்தளை, இவற்றில் இரண்டு சேர்ந்தால் திரும்பி வந்துவிடலாம். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் ஓடிய வண்டியில் பிரேக் குழாயையும் பின் அச்சைத் தாங்கும் சட்டத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று முதலில் தின்பது அவற்றைத்தான்.

கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வண்டி கிடைத்தால் காகித வேலை கூடும். அங்குள்ள ஆர்டிஓவில் படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), கடன் இருந்தால் படிவம் 35, உரிமை மாற்றத்துக்கு 29, 30, இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27. நாகர்கோவில் என்றால் டிஎன் 74, மார்த்தாண்டம் என்றால் டிஎன் 75. 12 மாதத்துக்கு மேல் கேரள எண்ணிலேயே இங்கே வைத்து ஓட்ட முடியாது. தமிழ்நாட்டு வரி தனி. அந்த வரியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசினால்தான் மலிவு மலிவாக இருக்கும். என்ஓசி கைக்கு வரும்வரை பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். அபராதச் சலான் பாக்கியை அரசின் பரிவாஹன் தளத்தில் நீங்களே பாருங்கள். இன்சூரன்சை 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளரோடு போய்விடும்.

வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைத்திருந்தால் நான்கு டயர், டைமிங் பெல்ட், முன் டிரான்ஸ்ஃபர் (பின்னுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி), பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் எல்லாம் முதல் மாதமே முடித்துவிடலாம். அப்புறம் தினசரி ஓட்டம். தாரில் ஆட்டோ. விளை முக்கில் நின்று லாக், முதல் கியர். ஏற்றத்தின் நடுவே கியர் மாற்றக் கூடாது. சக்கரம் சுற்றி நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை விட்டுப் பின்னுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். மிதித்துக்கொண்டே இருந்தால் கப்ளிங் சூடேறி விளக்கு மின்னும், வண்டி முன் சக்கர வண்டியாகிவிடும். பத்து, பதினைந்து நிமிஷம் ஆற விட்டால் சரியாகும். சேறு மிஞ்சினால் டயர் காற்றை நாலைந்து பிஎஸ்ஐ குறைக்கலாம், தாருக்கு வந்ததும் நிரப்பிவிட வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகும் பம்ப் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பேச்சிப்பாறை அணை திறந்துவிட்ட நாளில் குழித்துறை சப்பாத்து (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்ந்த தரைப்பாலம்) பக்கம் போகவே வேண்டாம். ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே வண்டியைத் தள்ளும். மிதக்கத் தொடங்கிய வண்டிக்கு எத்தனை சக்கரம் சுற்றினாலும் ஒன்றுதான். பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போனால் சில கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான்.